முந்நூற்றுப் பதினொரு படி

"கோபுரத்திற்கு மூன்று படிகள் தேவை" என்று கடிதத்தில் இருந்தது. அதனால்தான் இன்ஜினியர் பயணத்தில் சேர்ந்தார்.

"மூணே படிதானா?" வலது முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"மூணேதான் சார்" என்றார் கோப்பாளர்.

"அறுநூறு வருஷத்துக் கோபுரம். மூணு படியில உச்சிக்குப் போயிடலாமா?"

"லிஃப்ட் வெச்சிருப்பாங்க சார். லிஃப்டுக்கு முன்னாடி மூணு படி இருக்கும்."

இன்ஜினியர் யோசித்தார். தாங்குமா தாங்காதா என்று யோசிப்பதுதான் அவர் தொழில்.

"அப்ப என் பேரையும் போடுங்க."

கோப்பாளர் போட்டார். பதினொன்றாவது பெயர். பன்னிரண்டாவது கோப்பாளருடையது. பட்டியல் நிறைந்தது.

அது கட்டடங்கள் வரையும் அலுவலகம். வரைபடங்களுக்கு எண் போட்டு, சுருட்டி, அலமாரியில் அடுக்கி, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது கோப்பாளரின் வேலை. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். எண் போட்ட கட்டடங்களில் ஒன்றுக்குள்ளும் அவர் போனதில்லை. யாரும் கூப்பிட்டதில்லை. மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். ஐரோப்பாவின் பழைய நகரம் ஒன்றில் உள்ள குவிமாடம், நடுவில் வெட்டிக் காட்டிய படம். ஏதோ புத்தகத்திலிருந்து கழன்று விழுந்தது. அதற்கு மட்டும் எண் கிடையாது.

அலுவலகத்தின் தலைவரை எல்லோரும் பெரிய சார் என்பார்கள். தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக அலுவலகத்தையே அந்த நகரத்திற்குக் கூட்டிப் போவதாகப் பெரிய சார் அறிவித்தார். கட்டடம் பார்க்க மட்டும். கடை கிடையாது. படகு கிடையாது.

"கடிதம் எழுதறதுல இருந்து வண்டி பிடிக்கற வரைக்கும் ஒருத்தர் பாக்கணும்" என்றார் அன்று. "யார் பாக்கறாங்களோ அவங்களுக்கும் ஒரு சீட்."

கோப்பாளர் கையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் கை தூக்கியது அதுவே முதல் தடவை. மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து யாரோ நிறுத்தினார்கள்.

அந்த நகரத்தில் பழங்கட்டட ஆர்வலர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் வழிகாட்டி ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் தமிழ் படித்தவர். கட்டடங்களைத் தமிழிலேயே காட்டுவார். மின்னஞ்சலையும் தமிழில்தான் எழுதுவார். அதைக் கடிதம் என்றுதான் சொல்வார். புத்தகத்தில் படித்த தமிழ். பிழையே இருக்காது. அதுதான் பிரச்சினை.

பத்து நாள் கழித்து அடுத்த கடிதம் வந்தது.

"மூன்று படிகள் இன்னும் வந்து சேரவில்லை. அவை இன்றிக் கோபுரத்தில் நுழைய இயலாது. விரைந்து அனுப்புக."

கோப்பாளர் அதை எடுத்துக்கொண்டு பெரிய சாரிடம் போனார். இன்ஜினியரும் அங்கே இருந்தார்.

"படி வந்து சேரலயா?" என்றார் இன்ஜினியர். "படி எங்கேருந்து வரணும்?"

"அனுப்புகன்னு இருக்கு சார். நாமதான் அனுப்பணும் போல."

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார். "பழைய கோபுரம். படி இடிஞ்சு விழுந்திருக்கும். நாம கட்டடக்காரங்கன்னு தெரிஞ்சு உதவி கேக்கறாங்க." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அறுநூறு வருஷக் கோபுரத்துக்கு நம்ம ஆபீஸ் படி. சும்மாவா?"

இன்ஜினியர் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். கருங்கல்லில் மூன்று படிகள். ஒரே நேரத்தில் நாற்பது பேர் நின்றாலும் தாங்கும். வலது பக்கம் மட்டும் கைப்பிடி. கோப்பாளர் அதற்கு எண் போட்டு அனுப்பினார்.

பதில் மறுநாளே வந்தது.

"உங்கள் வரைபடம் கண்டோம். அழகு. அனுப்பிய காரணம் விளங்கவில்லை. நாங்கள் கேட்டது முன்பு இணைத்த விண்ணப்பத்தின் மூன்று படிகள். கோபுரத்தில் முந்நூற்றுப் பதினொரு படிகள் ஏற்கெனவே உள்ளன. புதியவை வேண்டாம்."

இதற்குப் புலவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர்களுக்கான நிபந்தனைகளை எழுதுபவர் அவர். ஜன்னல் என்று யாராவது எழுதினால் சாளரம் என்று திருத்துவார். அதனால் புலவர். பல் பிடுங்கிக்கொண்டு ஒரு வாரம் விடுப்பில் இருந்துவிட்டு அன்றுதான் வந்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. கடிதத்தை வாங்கிப் படித்தார். தலையில் அடித்துக்கொண்டார். பேச முடியாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

"படி என்றால் நகல்."

பெரிய சார் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப லிஃப்ட்?" என்றார் இன்ஜினியர்.

"லிஃப்ட் நான் சொன்னது சார். அவர் சொல்லல."

"முந்நூத்திப் பதினொண்ணு."

"ஆமா சார்."

"ஏறறதுக்கு மட்டுமா? ஏற இறங்க சேர்த்தா?"

"இறங்கறதுக்கும் அதே படிதான் சார்."

இன்ஜினியர் உட்கார்ந்தார்.

"பேரை எடுத்துடவா சார்?" கோப்பாளர் மெதுவாகக் கேட்டார்.

"சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாச்சு. இப்ப எடுத்தா, முட்டி போச்சு, மூளையும் போச்சும்பாங்க. எடுக்காதீங்க."

பெரிய சார் மேசையைத் தட்டினார். "இனிமே அவர் எழுதற ஒவ்வொரு சொல்லையும் ரெண்டு தடவ யோசிங்க. மேலோட்டமா அர்த்தம் எடுத்துக்கிட்டுக் குதிக்கக் கூடாது. புலவர் பாக்காம ஒரு பதிலும் போகக் கூடாது."

புலவர் பஞ்சோடு தலையசைத்தார்.

மறுநாள் காலை கோப்பாளருக்குத் தொலைபேசி வந்தது. இன்ஜினியரின் மனைவி.

"அண்ணா, அவரைத் தனியா அனுப்ப முடியாது. படியில ஒரு கை பிடிக்கணும். நானும் வர்றேன்."

"சீட் பன்னெண்டுதான்மா."

"நான் ஓரமா உக்காந்துக்கறேன் அண்ணா."

அண்ணா என்று சொன்ன பிறகு மறுக்க முடியவில்லை. பதின்மூன்றாவது பெயரை எழுதினார். சங்கத்தின் வண்டியில் இன்னும் ஓர் இருக்கை கிடைக்குமா என்று கேட்டு எழுதினார்.

"பன்னிரண்டு இருக்கைகளே உள்ளன" என்று பதில் வந்தது. "ஒருவர் மடியில் ஒருவர் அமர்வது இங்கே குற்றம்."

வீட்டில் மனைவி பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அக்காவிடம் இரவல் வாங்கிய பெட்டி. நான்கு சக்கரத்தில் ஒன்று கீச்சிட்டது.

"பதிமூணு பேர், பன்னெண்டு சீட்" என்றார் கோப்பாளர்.

"கடைசியா வந்தவங்கதானே இறங்கணும்?"

"கடைசியா வந்தவங்க இன்ஜினியர் சம்சாரம்."

"அப்ப அவங்க இறங்கட்டும்."

"அவங்க இறங்கினா அவர் இறங்குவார்."

"இறங்கட்டும். உங்களுக்கு என்ன?"

"அவர் இல்லாம பெரிய சார் பழைய கட்டடத்துக்குள்ள காலே வெக்க மாட்டார். விழுந்துடும்னு பயம்."

மனைவி துடைப்பதை நிறுத்தினாள். "ஏங்க, இந்தப் பெட்டி குடுக்கும்போது எங்க அக்கா என்ன சொன்னா தெரியுமா? 'உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்துத் தெருவுக்கே வழி தெரியாது, ஐரோப்பாவுக்குப் போறாராக்கும்'னா. பெட்டி காலியாத் திரும்பிப் போச்சுன்னா அந்த வாய யாரு மூடறது?"

கோப்பாளர் பெட்டியைப் பார்த்தார். நல்ல பெட்டி. அக்கா வீட்டுக்காரர் அதை ஒரே ஒரு தடவைதான் எடுத்துப் போயிருந்தார். அதையே பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஒரு வழி தோன்றியது. யார் கோபுரம் ஏறுவார்கள், யார் ஏற மாட்டார்கள் என்று தெரிந்தால், ஏறாதவர்களை விடுதியில் விட்டுவிட்டு மற்றவர்களை வண்டியில் ஏற்றலாம். இருக்கைச் சண்டையே வராது. ஒவ்வொருவர் மேசைக்கும் போய்க் கேட்டார்.

உள் அலங்காரம் செய்யும் மேடத்திற்கு உயரம் என்றால் தலை சுற்றும். "ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குப் பூமி சுத்தும்" என்றார். சுரங்க அறைகளும் ஆகாது, மூச்சு முட்டும். தரை மட்டத்தில் உள்ளது எல்லாம் சம்மதம். வரைவாளர்கள் நான்கு பேருக்கும் பாலங்கள் மட்டும் போதும். இன்னொருவருக்குச் சாளரங்கள் மட்டும். அவர் புலவரின் சீடர். மற்ற இரண்டு பேர் வெயில் இருந்தால் ஏறுவதாகச் சொன்னார்கள். வெயில் அதிகம் இருந்தால் ஏற மாட்டார்கள். பெரிய சார் குவிமாடத்தைக் காலை ஏழரை மணி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்றார். அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று வழிகாட்டி எழுதியிருந்தார்.

"வெளிச்சம் ஒன்பது மணிக்கு மாறிடும்" என்றார் பெரிய சார்.

"நாளைக்கும் ஏழரைக்கு வரும் சார்."

"நாளைக்கும் ஒன்பதுக்குத்தானே திறக்கும்?"

கோப்பாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நிச்சயமாகக் கோபுரம் ஏறுவது அவரும் புலவரும் மட்டும். விடுதியில் தங்க யாரும் சம்மதிக்கவில்லை. பதின்மூன்று பேருக்கு ஐந்து விதமான பாதை. ஒரே வண்டி. இதையெல்லாம் நான்கு பக்கக் கடிதமாக எழுதினார். முழங்கால், தலைச்சுற்றல், மூச்சு முட்டல், வெயில், இருக்கை என்று தலைப்பு போட்டிருந்தார்.

வழிகாட்டி பொறுமைசாலி. ஒவ்வொரு தலைப்புக்கும் பதில் எழுதினார். கடைசி வரி மட்டும் கோப்பாளருக்கு ஒரு மாதிரி இருந்தது.

"நான் போகிறேன்."

படித்ததும் பகீர் என்றது. அன்று மாலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் வழக்கம்போல மேலே எட்டிப் பார்த்து, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் கோப்பாளருக்குப் புரிந்தது. பாவம், புத்தகத்தில் அது இருந்திருக்காது.

புலவரிடம் கேட்டுவிட்டு எழுதினார். "விடைபெறும்போது நாங்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. அது நல்ல சொல் அல்ல. வருகிறேன் என்போம்."

"புதிய பாடம்" என்று பதில் வந்தது. "போகும்போது வருகிறேன் என்பது வியப்பு. எங்கள் ஆசிரியர் இதைச் சொல்லித் தரவில்லை. இனி அவ்வாறே. வருகிறேன்."

"என்ன பண்பு பாத்தீங்களா" என்றார் புலவர். பஞ்சு எடுத்தாகிவிட்டது. "நம்ம பசங்களே இப்ப 'போறேன்'னுதான் சொல்றானுங்க."

அதன் பிறகு ஒவ்வொரு கடிதமும் வருகிறேன் என்று முடிந்தது. கோப்பாளருக்கு ஒரு மாணவர் கிடைத்ததுபோல இருந்தது.

ஒரு நாள் வழிகாட்டி கேட்டிருந்தார்: "நீங்கள் பணிபுரியும் கட்டடம் எத்தகையது?"

அவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோப்பாளர் எழுதினார். அலுவலகம் ஒரு பழைய கிடங்கின் மேல்மாடியில் இருக்கிறது. ஏறுவதற்கு ஓர் இரும்புச் சுருள் படிக்கட்டு. இருபத்தேழு படி. நடுவில் தூண் கிடையாது. காற்றில் சுற்றிய நாடாபோல நிற்கும். யார் செய்தது என்று தெரியாது. அலுவலகத்தில் அதற்குப் பெயர் எலும்புமுறி. ஒன்பதாவது படியில் மட்டும் கால் வைத்தால் மணிபோல ஒலிக்கும். தினமும் வரைபடச் சுருள்களோடு ஏறி இறங்குவதால் அவருக்கு அது பழகிவிட்டது.

வழிகாட்டியின் பதில் உடனே வந்தது. "நடுத்தூண் இல்லாமலா? வரைபடம் உண்டா?"

இருந்தது. கோப்பாளரே ஓய்வு நேரத்தில் அளந்து வரைந்தது. அனுப்பினார்.

பெரிய சாருக்குத் தெரிந்தபோது சிரித்தார். "அதையா அனுப்பினீங்க? நான் அதப் பிடுங்கிட்டு லிஃப்ட் வெக்கலாம்னு இருக்கேன். முதல்ல சீட் என்னாச்சுன்னு கேளுங்க."

கோப்பாளர் கேட்டார். "பதின்மூன்றாம் இருக்கை குறித்து ஏதேனும் வழி உண்டா?"

"ஒன்பதாம் படி மட்டும் ஒலிப்பது ஏன்?" என்று பதில் வந்தது. "வருகிறேன்."

"ஆணி தளர்ந்ததால். இருக்கை?"

"ஆணியா, திருகாணியா? வருகிறேன்."

பயணத்திற்கு இன்னும் மூன்று வாரம். பதினான்காம் தேதி காலை கோபுரம் என்று குறித்திருந்தது. கோப்பாளர் கடைசியாக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்ஜினியரின் முழங்கால் வீங்கிவிட்டது. மேடத்திற்குத் தரை மட்டத்திலும் இப்போது தலை சுற்றுகிறது. வரைவாளர்களில் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, எனவே வேறு வேறு பாலம் வேண்டும். இருக்கை பதின்மூன்று இல்லையென்றால் ஒருவர் வர முடியாது. அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை.

மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் வந்தது. சின்னக் கடிதம்.

"முழங்கால், தலைச்சுற்றல், பாலம், இருக்கை யாவும் அறிந்தோம். சங்கத்தில் கூடிப் பேசினோம். இத்தனை சிரமம் உங்களுக்கு இனி வேண்டாம். நாங்கள் வருகிறோம்."

கோப்பாளர் படித்தார். உத்தரவுப்படி இரண்டாம் தடவையும் யோசித்தார். எழுந்து பெரிய சாரின் அறைக்குப் போனார்.

பெரிய சார், இன்ஜினியர், புலவர் மூவரும் கடிதத்தின் மேல் குனிந்தார்கள்.

"இனி வேண்டாம்னு போட்டிருக்கு" என்றார் பெரிய சார். "கை கழுவிட்டானா?"

"அவசரப்படாதீங்க" என்றார் புலவர். விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டார். "இதுவரைக்கும் 'வருகிறேன்'னு ஒருமையில எழுதினார். அவர் மட்டும் விடைபெறுவார். இப்ப 'வருகிறோம்'. பன்மை. சங்கமே விடைபெறுது."

"அடப்பாவி."

"இன்னொண்ணு. 'நாம்'னு எழுதல. 'நாங்கள்'னு எழுதியிருக்கார். நம்மளச் சேர்க்காம. கழட்டி விட்டாச்சு."

"ஒரு சொல்லுல இவ்வளவு இருக்கா?" என்றார் இன்ஜினியர்.

"இதான் சார் தமிழ்."

பெரிய சார் கோப்பாளரைப் பார்த்தார். "இந்த வருகிறேன், வருகிறோம் எல்லாம் அவருக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

கோப்பாளர் பெரிய சார் அறையின் எதிர்ச்சுவரைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"நான் ஒரு தடவ அவரைக் கெஞ்சிப் பாக்கட்டுமா சார்?"

"கெஞ்சறதாவது. நாம என்ன தெருவுலயா நிக்கிறோம்? மரியாதையா ஒரு பதில் போடுங்க. ஒருத்தர் 'வர்றேன்'னா நாம என்ன சொல்வோம்?"

"'வாங்க'ம்போம்" என்றார் புலவர்.

"அவ்வளவுதான். எழுதுங்க. 'மகிழ்ச்சி. வாருங்கள்.' நாமளும் பண்பு தெரிஞ்சவங்கதான்னு தெரியட்டும்."

புலவர் பார்த்தார். பிழை இல்லை என்றார். கோப்பாளர் அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. "மிக்க நன்றி. உங்கள் அன்பில் நெகிழ்ந்தோம். பதினான்காம் தேதியை மறவோம்."

"மறக்க மாட்டானாம்" என்றார் பெரிய சார். "தேதி குறிச்சு வஞ்சம் வெக்கறான் பாருங்க. நாம விட்டுருவோமா?"

விடவில்லை. அன்று மாலைக்குள் ஒரு டிராவல்ஸைப் பிடித்தார். அதே நகரம். தமிழ் தெரியாத வழிகாட்டி. பன்னிரண்டு இருக்கை வண்டி.

மறுநாள் கோப்பாளரைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பத்தொன்பது வருடத்தில் பெரிய சார் உட்காரச் சொல்லி நல்ல செய்தி எதுவும் வந்ததில்லை.

"ஏற்பாடு பண்றவங்களுக்கு ஒரு சீட்னு சொன்னேன்."

"ஆமா சார்."

"இப்ப ஏற்பாடு டிராவல்ஸ் பண்ணுது."

"ஆமா சார்."

"இன்ஜினியர் சம்சாரம் இல்லாம இன்ஜினியர் வர மாட்டார். அவர் இல்லாம நான் எதுக்குள்ளயும் நுழைய மாட்டேன்."

"புரியுது சார்."

"உங்களுக்குப் புரியும்னு தெரியும். அதனாலதான் உங்களக் கூப்பிட்டேன். வேற யாரையாவது கூப்பிட்டா அவங்களுக்குப் புரியாது."

கோப்பாளர் தம் அறைக்குப் போனார். பட்டியலில் பன்னிரண்டாவது பெயரை அடித்தார். பதின்மூன்றைப் பன்னிரண்டாக மாற்றினார். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகத் திரும்ப ஒரு தடவை எழுதினார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கத்தவில்லை. அது அவருக்குப் பயமாக இருந்தது.

"சொல்லிக் குடுத்தது நீங்கதான்" என்றாள்.

"ஆமா."

"போறேன்னு சொன்னவனைப் போகட்டும்னு விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம்."

அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். சக்கரம் கீச்சிட்டது. "அக்காவுக்குத் தெரிய வேணாம். எல்லாரும் திரும்பி வர்ற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும். நீங்களும் அப்படித்தான்."

"கட்டிலுக்கு அடியிலயா?"

"கண்ணுல படாம இருங்கன்னு சொன்னேன். பன்னெண்டாம் தேதியில இருந்து நீங்க ஐரோப்பாவுல இருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும். காய்கறிக் கடைப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது. அவ தினமும் அங்கதான் நிப்பா."

பன்னிரண்டாம் தேதி பிற்பகல் எல்லோரும் கிளம்பினார்கள். கோப்பாளர் பெட்டிகளை எலும்புமுறியில் இறக்கிக் கொடுத்தார். பதினொரு பெட்டி. இன்ஜினியர் குடும்பத்திற்கு ஒரே பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதாவது படி ஒரு தடவை ஒலித்தது.

"வர்றோம்" என்றார் பெரிய சார் வண்டியிலிருந்து.

"வாங்க சார்" என்றார் கோப்பாளர்.

மறுநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. பெரிய சார்.

"இங்க கோபுரம் பூட்டியிருக்கு."

"பூட்டா சார்?"

"குவிமாடமும் பூட்டு. சாவி அந்தச் சங்கத்துகிட்டதான் இருக்காம். சங்கத்துல போய்த் தட்டினா யாரும் இல்ல. ஒருத்தர் பாக்கி இல்லாம ஒளிஞ்சுட்டானுங்க. மறவோம்னான்ல. வேணும்னே பண்றான்."

"அப்ப எல்லாரும் என்ன பண்றீங்க சார்?"

"வாசல்ல நிக்கிறோம். வாசல்ல மூணு படி இருக்கு. இன்ஜினியர் அதுல ஏறி இறங்கிட்டு இருக்கார். அந்த வழிகாட்டிக்கு ஒரு கடிதம் போடுங்க. எங்கதான் இருக்கார்னு கேளுங்க."

கோப்பாளர் எழுதினார். "ஐயா, எங்கே இருக்கிறீர்கள்?" பதில் இல்லை. பழைய பட்டியலின்படி பன்னிரண்டாவது ஆளாகத் தாம் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தார். வெளியிலிருந்தாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

பதினான்காம் தேதி காலை பின்தெரு வழியாக அலுவலகம் வந்தார். தலையில் துண்டு. வாசலில் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"யார் வந்து கேட்டாலும் நான் ஊர்ல இல்ல" என்றார் கோப்பாளர்.

"யாரு வரப் போறா சார், ஆபீஸே காலி."

"எங்க சம்சாரத்தோட அக்கா வரலாம். யார் வந்தாலும் சரி. நான் ஐரோப்பாவுல இருக்கேன்."

"சரி சார். ஐரோப்பா."

கோப்பு அறையின் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கைப் போடவில்லை. எதிர்ச்சுவரில் குவிமாடம் பாதியாக வெட்டுண்டு நின்றது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதைக் கழற்றி, பின்பக்கம் எண் போட்டார். எந்த அலமாரியில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

கீழே ஏதோ கீச்சிட்டது. பெட்டிச் சக்கரம்போல இருந்தது. அக்காதான் என்று நினைத்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார். சக்கரச் சத்தம் ஒன்றல்ல. நிறைய. அக்காவிடம் அத்தனை பெட்டி கிடையாது.

பிறகு ஒன்பதாவது படி ஒலித்தது. ஒரு தடவை. நின்றது. திரும்ப ஒரு தடவை. பிறகு யாரோ வேண்டுமென்றே மிதிப்பதுபோல ஏழெட்டு தடவை. கீழே கைதட்டல் கேட்டது.

மூச்சு வாங்க வாட்ச்மேன் கதவைத் திறந்தார்.

"நீங்க ஊர்ல இல்லன்னுதான் சார் சொன்னேன், வெள்ளைக்காரங்க பன்னெண்டு பேரும் பெட்டிய இறக்கி வெச்சிட்டு, 'வருகிறோம் என்றோம், வாருங்கள் என்றாரே'ன்னு நிக்கிறாங்க."